துரையின் ஒயரில் என் அமுக்கி

இரைச்சல் ஏசியிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை. துரை அண்ணாந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்தான், தலையை ஆட்டினான், நம்பிவிட்டான். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் எந்த சுருதியில் ஓடுகிறது என்று சொல்கிறவன் இந்த ஞானதுரை. காலேஜ் நாளிலிருந்து என் இடது பக்கம் நின்று கிதார் வாசிக்கிறவன். தன் ஆம்ப்ளிஃபயருக்குள்ளிருந்து வருகிற உஸ் சத்தத்தை ஏசி என்று நம்புகிறான். ஏன் நம்பமாட்டான், நம்பணும் என்று உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு ஏசி போதாதா. அது ஏசி இல்லை மாப்ள, என் காலடியில் கிடக்கிற டப்பா, உனக்குத் தெரியாமல் நான் உன் ஒயரில் சொருகி வைத்த டப்பா. இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே கிதார்க் கம்பியைத் துடைக்கிறேன், துடைத்த கம்பியையே திரும்பத் துடைக்கிறேன். இடைவேளை முடிந்துவிட்டது. எதிர் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் நின்று நின்று கால் மாற்றுகிறார்கள், பரிசுப் பொட்டலங்களோடு வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, வரிசையில் நிற்கிறவர்களின் கண்ணெல்லாம் பிரியாணி வாசனை வருகிற பக்கம். எங்களை யார் பார்க்கிறார்கள். ரிசப்ஷன் கச்சேரி என்றால் ஃபேனும் நாங்களும் ஒன்று, நின்றால்தான் தெரியும். ஆனாலும் எல்லாரும் என் காலையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. காலை டப்பாவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தேன். தள்ளி வைத்ததே பார்க்கிறவனுக்குச் சந்தேகம் கொடுக்குமோ என்று திரும்பக் கிட்டே கொண்டுவந்தேன்.

அந்த டப்பாவுக்குப் பெயர் கம்ப்ரஸர். துரை வைத்த பெயர் அமுக்கி. மெதுவாகத் தட்டினால் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், ஓங்கித் தட்டினால் அமுக்கி வைக்கும், விரல் எப்படிப் பட்டாலும் வெளியே ஒரே மட்டமாக வரும். வாசிக்காமல் சும்மா நின்றால் தூக்குவதற்கு வேறு ஒன்றும் கிடைக்காமல் இரைச்சலைத் தூக்கும், அதுதான் அந்த உஸ். கிதார்காரனுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று நானும் அவனும் போட்ட சண்டையில் எத்தனையோ பரோட்டா ஆறிப்போயிருக்கிறது. நான் வேண்டும் கட்சி. என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அதை வாங்கி வந்த அன்றைக்கே துரையிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். கிதாரைச் சொருகி ரெண்டு வரி வாசித்தான், நிறுத்தினான், மறுபடி வாசித்தான், பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டான். "நான் கொஞ்சினாலும் இதுக்கு ஒண்ணுதான், கோவப்பட்டாலும் ஒண்ணுதான். இதுகூட யாருல குடும்பம் நடத்துவா. நீ வச்சுக்க. அமுக்குணிக்கு அமுக்கிதான் தோது." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தும் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் நான் அப்படித்தான். கோபம் வந்தாலும் காட்டமாட்டேன், பாசம் வந்தாலும் காட்டமாட்டேன், என் வீட்டுக்காரி இன்றைக்கும் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை என்பாள். அவன் கை அப்படி இல்லை. ஒரே வரியை அழுகிற மாதிரியும் வாசிப்பான், ஆளைச் சீண்டுகிற மாதிரியும் வாசிப்பான், இடம் மாறாது, ஸ்வரம் மாறாது, விரல் படுகிற கனம் மட்டும் மாறும். அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே நான் என் டப்பாவை அழுத்திக்கொண்டு அவனுக்குப் பின்னணியாகக் கார்டு வாசித்திருக்கிறேன், இத்தனை வருஷமும்.

அந்தக் கைதான் போய்விட்டது. போகவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. முதலில் டீ டம்ளர் நழுவியது, பிறகு சட்டைப் பொத்தான் போட அவன் வீட்டுக்காரி சுகந்தி வரவேண்டியிருந்தது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், வலது கையில் எந்த மூணை வைத்துக் கம்பியை மீட்டுகிறானோ அந்த மூணும் மரத்துப்போகிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப்போட்டால் பெருவிரல் சதை வற்றிப்போகும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். துரை அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையில் கத்தி படவிடமாட்டேன் என்றான். சுகந்தி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கடைசியில் என்னைக் கூப்பிட்டுவிட்டாள், நான் போய் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் காலை டீ வரைக்கும் பேசி அவனைச் சம்மதிக்க வைத்தேன். வரப்போகிற திங்கட்கிழமை ஆபரேஷன். இன்றைக்கு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்த ஹெர்பர்ட் அண்ணன்தான் கெடுத்தார். இல்லை, அவர் மேல் பழி போடவேண்டாம், அவர் குழு நடத்துகிறவர், கீபோர்டும் வாசித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரனுக்கும் பதில் சொல்கிறவர். "போன கச்சேரில துரை வாசிச்சதக் கேட்டியா ராசு. ஒரு ஸ்வரம் துள்ளுது, ஒரு ஸ்வரத்தக் காணவே காணோம். இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். ஒப்பேறலன்னா கிதாரை நான் கீபோர்டுலயே போட்டுக்கிடுதேன்." ஒரு தடவை கீபோர்டில் போட்டுவிட்டால் அப்புறம் எந்தக் காலத்தில் கிதாருக்கு ஆள் தேடுவார். ஆபரேஷன் முடிந்து கை ஆறி அவன் வரும்போது நிற்பதற்கு ஒரு இடம் வேண்டாமா. இன்றைக்கு ஒரு நாள் ஒப்பேற்றிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒயர் மாட்டுகிற வேலை இப்போது என்னுடையது, சொருகிப் பிடுங்க அவன் கைக்கு வலு இல்லை. என் காலடிப் பலகையில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும், அவன் அதைப் பலசரக்குக் கடை என்பான், குனிந்துகூடப் பார்க்கமாட்டான். அவன் ஒயரை மேடைத் துணிக்கு அடியில் கொண்டுவந்து, என் அமுக்கிக்குள் விட்டு, அங்கிருந்து அவன் ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருக்கிறது ஒரு அமுக்கிதான். அதனால் இன்றைக்கு நான் அது இல்லாமல் வாசிக்கிறேன்.

எல்லாம் யோசித்தேன், ஒன்றை யோசிக்கவில்லை. ஹெர்பர்ட் அண்ணன் கேட்பார் என்று யோசித்தேன், கல்யாண வீட்டுக்காரன் கேட்பான் என்று யோசித்தேன், துரையும் கேட்பான் என்று தோன்றவே இல்லை. மடையன். வாசிக்கிறவன் காது அவன் தலையில்தானே இருக்கிறது. முதல் பாட்டிலேயே அவன் முகம் மாறியது. இரண்டாவது பாட்டில் தோள் இறங்கியது, பல மாசமாகக் காதுப் பக்கம் ஏறிக்கிடந்த தோள். இடைவேளையில் டீயை வலது கையில் வாங்கினான். கொஞ்சம் சட்டையில் சிந்தியது, சிந்தினதை அவன் பார்க்கவில்லை. "ஏல ராசு, கை வந்துட்டுல" என்றான். சின்னப்பிள்ளை முகம். "அத்தை குடுத்த தைலந்தான் போல. ஒவ்வொரு ஸ்வரமும் எப்படி நிக்கி பாத்தியா. கத்தியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்." நான் சொல்லியிருக்கணும், அங்கேயே, டீயின் கடைசி மடக்கோடு. வாய் வரைக்கும் வந்தது. அவன் அதற்குள் போனை எடுத்துவிட்டான். "சுகந்தி, திங்கக்கெழமை வேண்டாம்னு ஆஸ்பத்திரில சொல்லிரு. நேர்ல வந்து சொல்லுதேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஒன் சத்தமும் இன்னைக்கு நல்லாருக்குல. தொறந்து கெடக்கு. அமுக்கியக் கழட்டிட்டியா?" "பேட்டரி போயிட்டு" என்றேன். "நல்லதாப் போச்சு. இப்பத்தான் மனுசன் வாசிச்ச மாரி இருக்கு" என்று முதுகில் தட்டினான், அந்த மரத்துப்போன கையால். என் கிதாரில் அது இல்லை என்று கேட்ட காதுக்கு, தன் கிதாரில் அது இருக்கிறது என்று கேட்கவில்லை. அவனிடம் வேறு எதை ஒளித்தாலும் இதை ஒளிக்கமுடியாது என்றல்லவா நினைத்திருந்தேன். ஒளித்துவிட்டேன். அவனே எனக்கு உதவி செய்து ஒளித்துவிட்டான்.

சீட்டு ஒன்று மேடைக்கு வந்தது. பொண்ணுக்கு அப்பா ஒரு பழைய பாட்டைக் கேட்கிறார். ஹெர்பர்ட் அண்ணன் படித்துவிட்டுத் துரையைப் பார்த்தார், பார்வையிலேயே கேள்வி. அந்தப் பாட்டு கிதாரில் ஆரம்பிக்கும், நடுவில் இரண்டு தடவை கிதார் மட்டும் வரும், முடிவதும் கிதாரில். போன மாசமென்றால் துரை ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பான். இன்றைக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அப்பா முன்வரிசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், இந்த மண்டபத்திலேயே எங்களைக் கேட்கிற ஒரே ஆள். துரை ஆரம்பித்தான். வந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று, ஒரே உயரத்தில், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவன் கையைப் பார்த்தேன், சத்தத்தைக் கேட்கவில்லை. ஆள்காட்டி விரல் கம்பியைத் தொட்டதா தடவியதா என்றே தெரியவில்லை, பெருவிரல் மண்வெட்டி போடுகிற மாதிரி விழுகிறது, வெளியே இரண்டும் ஒன்று. ஹெர்பர்ட் அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினார். ஜெயித்துவிட்டோம். என்னத்த ஜெயித்தோம். பாடகர் பல்லவியை எடுத்தபோது ஸ்டாண்டில் வைத்திருந்த என் போன் ஒளிர்ந்தது. சுகந்தி. 'ராசு அண்ணே, கை சரியாயிட்டுன்னு சொல்லுதாவ. நெசமா? நீங்க பக்கத்துலதான நிக்கீங்க, நீங்க சொல்லுங்க. நீங்க ஆமான்னா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம்னுருதேன். கொஞ்ச நேரத்துல அங்க ஆள் போயிருவாவளாம்.' அவள் யார் பேச்சையும் நம்பாமல் என்னைக் கேட்கிறாள். கையில் கார்டு மாறுகிறது, கண் அந்த வரியிலேயே நிற்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை அடித்துவிடலாம். அடித்தால் அவள் அவனிடம் சொல்வாள், அவனோ 'நான் கேட்டேனே, என் காதால் கேட்டேனே' என்பான், 'இவளும் ராசுவும் சேர்ந்து என்னை முடமாக்கப் பார்க்கிறார்கள்' என்பான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அவனுக்கு அவன் காதுதான் சாட்சி.

முதல் இடையிசை வந்தது. இப்போது அழுத்து. அமுக்கியின் சுவிட்சின் மேல் பாதத்தை வைத்தேன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன், சுவிட்சின் குமிழ் உள்ளங்காலில் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு அழுத்து, அமுக்கி அணையும், அவ்வளவுதான், உன் கை உனக்குக் கேட்கும். ஊர் முன்னாலேயா. ஹெர்பர்ட் அண்ணன் முன்னாலேயா. கச்சேரி முடிந்து வேனில் சொல்லலாமே. வேனில் எல்லாரும் இருப்பார்கள். அவன் வீட்டு வாசலில் சொல்லலாம். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆள் போய்விடுவார்கள், அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ, கிடைத்தாலும் இவன் வருவானா, சதை வற்றும் என்றாரே, எவ்வளவு நாளில் வற்றும் என்று நான் கேட்கவில்லையே. என் பெருவிரலைப் பார்த்தேன். அதன் அடியில் சதை இருக்கிறதா. இருக்கிறது. காலையில் எழும்போது எனக்கும் கை மரத்திருந்ததே, அது படுத்த விதமா, இல்லை எனக்கும் வருகிறதா. பார், அவனுக்கு இப்படி ஆகும்போது எனக்கு என் விரல்தான் ஞாபகம் வருகிறது. நான் அவனுக்காகத்தான் இதைச் செய்தேனா. சத்தியமாகச் சொல்லு ராசு. ஒயரைச் சொருகும்போது உள்ளே ஒரு சிரிப்பு வந்ததா இல்லையா. பாத்தியால, கடைசில ஒனக்கும் அமுக்கி வேண்டியிருக்கு என்று ஒரு சிரிப்பு. வந்தது. சின்னதாக, ஆனால் வந்தது. இத்தனை வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு குதி. அந்தக் குதிதான் என்னைக் கொல்கிறது. இதில் கூத்து என்னவென்றால் ஜெயிக்கவும் இல்லை, நான் அது இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, அவன் சொன்ன மாதிரி திறந்துதான் கிடக்கிறது. எனக்கு அது வேண்டியதில்லை. கிதார்காரனுக்கு அது வேண்டியதில்லை என்று அவன்தான் அத்தனை வருஷமும் சொன்னான். இடையிசை முடிந்துவிட்டது. என் கால் அங்கேயே இருந்தது, அழுத்தவில்லை. துரை என்னைப் பார்த்துச் சிரித்தான், புருவத்தைத் தூக்கி, எப்படி என்று. நானும் சிரித்தேன். என் முகம் எதையும் காட்டாத முகம், அது இந்த நேரத்துக்குத்தான் உதவியது, சனியன்.

சரணம் போகிறது. போன் மறுபடி ஒளிர்ந்தது, 'அண்ணே?' என்று மட்டும். பாடகர் கடைசி வரியை இழுக்கிறார், துரை மூச்சை உள்ளே வாங்குகிறான், வாசிக்கும் முன்னால் எப்போதும் அப்படி வாங்குவான், நானும் வாங்கினேன். அவன் முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் நான் அழுத்தினேன். யோசித்து அழுத்தியதா, பயத்தில் கால் அழுந்தியதா, தெரியாது. இரண்டாவது ஸ்வரம் வரவில்லை. மூன்றாவது, பெருவிரலில் விழுந்தது, கத்தியது. நாலாவது வந்தும் வராமலும். துரை முதலில் கையைப் பார்த்தான். ஒரு தடவை உதறிவிட்டுத் திரும்ப வாசித்தான், இன்னும் மோசம், ஒன்று துள்ளுகிறது, ஒன்றைக் காணோம். ஹெர்பர்ட் அண்ணன் கண்ணைத் திறந்தார், உடனே கீபோர்டில் அந்த வரியைக் கூடவே பிடித்துக்கொண்டார், ஜனம் ஒன்றையும் கவனிக்கவில்லை. துரை திரும்பி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். உஸ் நின்றிருந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தான். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து தொங்கின கலர்க் காகிதம் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, கூரையிலிருந்து என் முகத்துக்கு வராமல், அவன் பார்வை நேரே என் காலுக்கு வந்தது. காலை எடுக்கணும் என்று தோன்றியது, எடுக்கவில்லை. பார்க்கட்டும்.

பாடகர் அடுத்த சரணத்தை எடுத்துவிட்டார். துரை இரண்டடி நகர்ந்து என் பக்கத்தில் வந்து நின்றான், ஜனத்தைப் பார்த்தபடியே. "எப்பருந்துல?" "மொதப் பாட்டுலேருந்து." அவனுக்கு வாசிப்பு இல்லாத இடம் அது, கை சும்மா கம்பியின் மேல் கிடந்தது. நான் திட்டு வரும் என்று காத்திருந்தேன், திட்டு வந்தால் நல்லது. "ஹெர்பர்ட் சொன்னாராக்கும்" என்றான். ஆமாம் என்றேன். "சுகந்தி கேட்டாளா?" "கேட்டுட்டே இருக்கா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல." கன்னம் ஒரு தடவை இறுகியது. "திங்கக்கெழமதான்னு சொல்லு. வண்டிய நீ எடு." சரி என்று தலையை ஆட்டினேன். ஒரு கையால் கம்பியை மீட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டே இன்னொரு கையால் சுகந்திக்குத் 'திங்கக்கிழமை போறோம்' என்று அடித்தேன், எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக. சரணம் முடியப்போகிறது. பொண்ணுக்கு அப்பா இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கண் துரையின் மேல். முடிவில் எல்லாரும் நிறுத்திவிடுவோம், கிதார் மட்டும் தனியாக வாசித்து முடிக்கும். துரை தன் இடத்துக்குப் போகவில்லை. கையைப் பார்த்தான், விரித்தான், மடக்கினான். அவரைப் பார்த்தான். என் பக்கம் திரும்பாமல், உதடு அசையாத மாதிரி, "அதப் போடுல" என்றான்.

போட்டேன். உஸ் என்று வந்தது. துரை மூச்சை உள்ளே வாங்கி வாசித்தான். நாங்கள் எல்லாரும் கையை எடுத்துவிட்டு நின்றோம். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே மட்டமாக, ஒரு குறையும் இல்லாமல் வந்தது. ஹெர்பர்ட் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பொண்ணுக்கு அப்பா கட்டின கையை அவிழ்த்துத் தட்டினார். பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் கேட்டவன் நான், இன்றைக்கும் ஒட்டி நின்று கேட்டேன். துரை தலையைக் குனிந்தே வாசித்தான், கொஞ்சுகிறானா, கோபப்படுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.